ஊர்ப்பெயருக்குள் ஒளிந்திருந்த ஓவியர்

1997ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து நாங்கள் மல்லாவியில் ஓர் ஓலைக்கொட்டிலில் இருந்தோம். ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சித்தப்பாவின் கடிதங்கள் மாதக்கணக்கில் சுற்றித்தான் எங்களிடம் வந்து சேரும். சித்திக்கு எழுதிய கடிதத்துக்குள் எப்போதும் இன்னொரு தாள் மடிந்திருக்கும். அது அவருடைய மகனுக்கு. அவனுக்கு அப்போது ஐந்து வயது. எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கவில்லை. அதனால் சித்தப்பா அவனுக்குக் கடிதம் எழுதுவதில்லை. படக்கதை ஒன்றைப் பிரதி எடுத்து அனுப்புவார்.

அந்தப் படக்கதையில் இரண்டே இரண்டு பேர்தான் முக்கியம். ஒருவர் தொப்பை வைத்த, மொட்டைத்தலை அப்பா. பெரிய மீசை. மற்றவன் சீவாத தலையோடு ஒரு சின்னப் பெடியன். அவர்கள் வாய் திறந்து பேசுவதில்லை. ஆறேழு கட்டங்களுக்குள் ஏதோ நடக்கும், கடைசிக் கட்டத்தில் சிரிப்பு வரும். நான் தம்பியை விட மூன்று வயது மூப்பு. ஆகவே கதைசொல்லும் பொறுப்பு என்னுடையது. அவர்களுக்குத் தமிழில் பெயர் வைத்தோம், தமிழில் பேச வைத்தோம். மீசை அப்பாவைத் தன்னுடைய அப்பா என்றே தம்பி நம்பினான். சித்தப்பாவுக்கு மீசையே கிடையாது என்பதை நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒரு தேவாலயத்தில் மாலைநேரத்தில் நடந்த மொழி வகுப்பில் கொடுத்த தாள்கள் அவை என்று சித்தப்பா பல வருடங்களுக்குப் பிறகு சொன்னார். படத்தைப் பார்த்து, நடப்பதை ஜேர்மன் மொழியில் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி. இன்றைக்கும் வெளிநாட்டவருக்கு ஜேர்மன் கற்பிப்பவர்கள் அந்தப் படக்கதைகளைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர்கள் பலர் வரைந்தவர் யாரென்று தெரியாமலே அவரைக் கடந்துதான் அந்த மொழிக்குள் போயிருப்பார்கள்.

சித்தி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் சேர்த்து வைத்திருந்த அந்தத் தாள்கள் 2009இல் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டன. ஊடகக் கற்கை முடித்து வேலை தேடி அலைந்த காலத்தில், கொழும்பில் ஒரு நூலகத்தின் ஜேர்மன் மொழி அடுக்கில் அந்த மீசையை நான் மறுபடி கண்டேன். 'அப்பாவும் மகனும்' என்று தலைப்பு. வரைந்தவர் பெயர் இ.ஓ. பிளாவன். அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை என்பதை அன்றே தெரிந்துகொண்டேன். இருந்தவர் எரிக் ஓசர். அவரைத் தேடித்தேடி வாசித்ததில் எனக்குக் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று எரிக்குகள்

எரிக் ஓசர் 1903 மார்ச் 18ஆம் திகதி ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியில், பொகீமிய எல்லையை ஒட்டிய ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தார். தகப்பன் எல்லையில் சுங்க உத்தியோகத்தர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பக்கத்து நகரமான பிளாவனுக்குக் குடிபெயர்ந்தது. சரிகைப் பின்னலுக்குப் பெயர்போன ஊர் அது. ஓசருடைய ஊர் என்றால் பிளாவன்தான்.

வீட்டில் வசதி பெரிதாக இல்லை. அவரைப் பூட்டு, இரும்பு வேலை பழக விட்டார்கள். அந்தத் தொழிலைக் கற்று முடித்த பிறகுதான் லைப்சிக் நகரில் இருந்த வரைகலைக் கல்லூரிக்குப் போனார். ஆள் நல்ல உயரம், பருமன். காது சரியாகக் கேட்காது. அதனால் எப்போதும் உரத்த குரலில்தான் கதைப்பார். இந்தச் சின்ன விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

லைப்சிக் காலத்தில் அவருக்கு இரண்டு நண்பர்கள் வாய்த்தார்கள். இருவர் பெயரும் எரிக்தான். ஒருவர் எரிக் கெஸ்ட்னர். பிற்காலத்தில் சிறுவர் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர். அன்றைக்கு அவர் ஒரு லைப்சிக் பத்திரிகையில் வேலை செய்த இளம் எழுத்தாளர். மற்றவர் எரிக் க்னாவ்ஃப். அச்சுக்கோப்பாளராகத் தொழில் கற்று, பிளாவனில் சமூக ஜனநாயகக் கட்சிச் சார்புப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். கெஸ்ட்னர் எழுத, ஓசர் படம் போட, க்னாவ்ஃப் பிரசுரிப்பார். மூவரும் சாக்சனிக்காரர்கள், மூவரும் பகிடிக்காரர்கள்.

1927இல் அந்தப் பகிடி முதன்முறையாக அவர்களைக் கடித்தது. பேத்தோவன் இறந்து நூறு ஆண்டு என்று நாடே விழா எடுத்துக்கொண்டிருந்த நேரம். கெஸ்ட்னர் எழுதிய ஒரு சிருங்காரக் கவிதை ஓசரின் படத்தோடு க்னாவ்ஃபின் பத்திரிகையில் வந்தது. இசைமேதையை அவமதித்துவிட்டார்கள் என்று எதிர்ப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. கெஸ்ட்னருக்கு வேலை போனது. ஓசருக்கும் லைப்சிக்கில் பிழைப்பு இல்லாமல் போனது. இருவரும் பேர்லினுக்குப் போனார்கள். கொஞ்சக் காலத்தில் க்னாவ்ஃபும் அங்கே வந்து ஒரு புத்தகக் கழகத்தில் பொறுப்பேற்றார்.

பேர்லினில் அவர்களுக்கு நல்ல காலம் தொடங்கியது. 1928இலிருந்து அடுத்தடுத்து வந்த கெஸ்ட்னரின் முதல் கவிதைத் தொகுதிகளுக்கு ஓசர் படம் வரைந்தார். 1930இல் கெஸ்ட்னரோடு மொஸ்கோவுக்கும் லெனின்கிராட்டுக்கும் போய்வந்தார். அதே ஆண்டு, தன்னோடு படித்த ஓவியை மரிகார்ட் பன்ட்சரைத் திருமணம் செய்தார். 1931 டிசம்பரில் கிறிஸ்டியான் பிறந்தான். சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேடான 'ஃபோர்வேர்ட்ஸ்' பத்திரிகைக்கு ஓசர் ஹிட்லரையும் கோயபல்ஸையும் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்தார். அவை மென்மையான சித்திரங்கள் அல்ல. வரையப்பட்டவர்கள் மறக்கக்கூடியவையும் அல்ல.

பெயர் பறிபோன ஆண்டு

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 10ஆம் திகதி பேர்லினில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எரிந்தவற்றில் கெஸ்ட்னரின் நூல்களும் இருந்தன. கெஸ்ட்னர் கூட்டத்தில் நின்று தன் புத்தகங்கள் எரிவதைக் கண்ணால் பார்த்தார். க்னாவ்ஃப் அடுத்த ஆண்டு, ஆட்சியாளருக்குப் பிடிக்காத ஓர் இசைநாடக விமர்சனத்துக்காகச் சில வாரங்கள் வதைமுகாமில் அடைக்கப்பட்டார்.

ஓசரை யாரும் அடிக்கவில்லை. அடைக்கவும் இல்லை. அவருக்கு நடந்தது வேறு விதமானது. புதிய சட்டப்படி, பத்திரிகையில் எழுதவோ வரையவோ வேண்டுமென்றால் அரசின் பத்திரிகைச் சபையில் உறுப்பினராக வேண்டும். அவர் விண்ணப்பித்தார். பழைய கேலிச்சித்திரங்களைக் காரணம் காட்டி 1934இல் நிராகரித்தார்கள். அவ்வளவுதான், ஒரு கடிதத்தோடு தொழில் முடிந்தது. கையில் பேனா இருக்கிறது, போட இடமில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்த மனைவியின் உழைப்பில் குடும்பம் ஓடியது.

அந்த நேரத்தில்தான் 'பேர்லினர் இலுஸ்ட்ரியேர்ட சைட்டுங்' என்ற படவார இதழ், தொடர்ந்து வரக்கூடிய ஒரு படக்கதையைத் தேடியது. ஜேர்மனியின் மிகப்பெரிய வார இதழ்களில் ஒன்று அது. அதை வெளியிட்ட உல்ஸ்டைன் நிறுவனம் ஒரு யூதக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அதே 1934இல்தான் அந்தக் குடும்பத்திடமிருந்து அது பறிக்கப்பட்டது. இதழில் இருந்த கூர்ட் கூசன்பெர்க் பலருடைய மாதிரிகளைப் பார்த்துவிட்டு ஓசரின் அப்பாவையும் மகனையும் தெரிந்தெடுத்தார். அதிகாரிகள் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்கள். அரசியல் கூடாது. ஓசர் என்ற பெயரும் கூடாது.

அப்போது அவர் செய்ததை நம்மூர்க்காரர்கள் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். தன்னுடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகளை எடுத்தார். அதற்குப் பின்னால் ஊரின் பெயரை ஒட்டினார். இ.ஓ. பிளாவன். நம்முடைய எழுத்தாளர்களும் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறவர்கள்தான். பெரும்பாலும் ஊர்ப்பற்றில் அப்படிச் செய்கிறோம். சில காலங்களில், யார் எழுதியது என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஓர் ஊரை மட்டும் காட்டுவதற்காகவும் செய்திருக்கிறோம். ஓசரிடம் இரண்டும் இருந்திருக்கும்.

பேசாத இரண்டு பேர்

முதல் படக்கதை 1934 டிசம்பர் 13ஆம் திகதி வந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. மொத்தம் 157.

எங்கள் கொட்டிலுக்கு வந்த ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம். சாப்பாட்டு நேரம். மகனைக் காணவில்லை. அப்பா தேடிப் போகிறார். அவன் தரையில் குப்புறப்படுத்துப் புத்தகம் வாசிக்கிறான். அவனை எழுப்பி மேசைக்கு அனுப்புகிறார். மகன் வந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது அப்பாவைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், அதே தரையில் அதே மாதிரிப் படுத்து, அதே புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார் அப்பா.

இன்னொன்றில் மகனின் வீட்டுப்பாடக் கட்டுரையை அப்பா எழுதிக் கொடுக்கிறார். அது பிழை பிழையாக இருக்கிறது. ஆசிரியர் பெடியனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். வந்து, அடிக்க வேண்டியவருக்கு அடிக்கிறார். அடி வாங்குகிறவர் அப்பா.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் கட்டங்கள் வெளிவந்த ஆண்டுகளை நினைக்க வேண்டும். ஜேர்மனியில் சிறுவர்களைச் சீருடை போட்டு அணிவகுக்க வைத்த காலம். கீழ்ப்படிதலே பிள்ளை வளர்ப்பு என்று கற்பித்த காலம். அந்த நாட்டின் மிகப்பெரிய வார இதழ்களில் ஒன்றில், வாராவாரம், பிள்ளையிடம் தோற்றுப்போகும் ஓர் அப்பா வந்தார். அவர் அணிவகுக்கவில்லை, வணக்கம் வைக்கவில்லை. கோபம் வந்தால் துரத்துவார், கடைசியில் பிள்ளையோடு சேர்ந்து அதே குழப்படியைச் செய்வார். இதை ஓசர் எதிர்ப்பாக நினைத்து வரைந்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவருக்கு அது பிழைப்பு. தன்னுடைய தகப்பனையும் தன்னுடைய மகனையும் மனதில் வைத்து வரைந்தார் என்பார்கள். ஆனாலும் அரசியல் கூடாது என்று போட்ட வேலிக்குள் அவரால் கொண்டுவர முடிந்தது இந்த அன்பைத்தான். அந்த நேரத்தில் அது சின்ன விடயம் அல்ல.

நாடே அந்த இருவர்மேல் ஆசை வைத்தது. தொகுப்பு நூல்கள் வந்தன, விற்றன. அப்பாவும் மகனும் விளம்பரங்களில் தோன்றினார்கள். புகழ் பெற்ற எதையும் அந்த அரசு தனியே விடுவதில்லை. நாஜிகளின் குளிர்கால நிவாரண நிதி சேகரிப்புக்கும் அந்த உருவங்கள் பயன்படுத்தப்பட்டன. வேலி உள்ளே நகரத் தொடங்கியது.

பின்னைய கதைகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் பெரும் சொத்து வந்து சேர்கிறது. பிறகு ஆளில்லாத தீவொன்றில் கரையொதுங்குகிறார்கள். 1937 டிசம்பரில் ஓசர் தானே தொடரை முடித்தார். கடைசிக் கதையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார்கள். நிலம் முடிந்த பிறகும் நடை நிற்கவில்லை, வானத்தில் ஏறுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் நிலவுக்கு அப்பாவின் முகம். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.

இந்தக் கடைசிக் கதை மல்லாவிக்கு வரவில்லை. சித்தப்பா அனுப்பவில்லையோ, வழியில் தொலைந்ததோ. அதை நூலகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது இருபத்தைந்து.

நான் மறைக்க விரும்பிய பக்கம்

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தினால் அழகாக இருக்கும். நேரே 1944க்குப் போய், அவருடைய மரணத்தைச் சொல்லி முடித்தால் இன்னும் அழகாக இருக்கும். முதல் தடவை இந்தக் கதையை ஒரு நண்பருக்குச் சொன்னபோது நான் அப்படித்தான் சொன்னேன். இடையில் இருந்த நான்கு ஆண்டுகளை விட்டுவிட்டேன்.

1940இல் நாஜி அரசு 'டாஸ் ரைஹ்' என்றொரு வார இதழைத் தொடங்கியது. வெறும் கூச்சலாக இல்லாமல், படித்தவர்களும் வெளிநாட்டவர்களும் மதித்து வாசிக்கும் தரத்தில் ஒரு பிரசார ஏடு வேண்டும் என்பது நோக்கம். அதன் முதற்பக்கக் கட்டுரையைப் பெரும்பாலும் கோயபல்ஸே எழுதினார். அந்த இதழின் அரசியல் கேலிச்சித்திரக்காரர்களில் ஓசர் முக்கியமானவர். சேர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் என்று ஜேர்மனியின் எதிரிகளை அவர் நூற்றுக்கணக்கில் வரைந்தார். ஒரு காலத்தில் கோயபல்ஸை வரைந்து வேலை இழந்த கை, இப்போது கோயபல்ஸின் ஏட்டுக்கு வரைந்தது.

பல்கலைக்கழகத்தில் பிரசாரம் பற்றிய பாடத்தில் 'டாஸ் ரைஹ்' பெயரை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். தம்பியும் நானும் பேர் வைத்து வளர்த்த மீசை அப்பாவின் தகப்பன் அங்கே வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்த அன்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சில மாதங்கள் திறக்கவில்லை.

பசிக்காகச் செய்தார் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையாக இராது. நல்ல சம்பளமும் கிடைத்தது, ஓவியருக்குரிய மரியாதையும் கிடைத்தது. பயந்து செய்தார் எனலாம். அதுவும் ஓரளவுதான் சரி. அவர் நாஜியாக மாறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் அதே ஆண்டுகளில், மாலையில் நண்பர்களோடு உட்கார்ந்தால், அதே ஹிட்லரையும் கோயபல்ஸையும் பற்றி அவர் பகிடி சொன்னார். பகலில் ஒரு கை, இரவில் ஒரு வாய். கெஸ்ட்னரும் நாட்டை விட்டுப் போகவில்லை. அவரும் புனைபெயரில் அரசின் திரைப்பட நிறுவனத்துக்குக் கதை எழுதினார். க்னாவ்ஃப் பாடல்கள் எழுதினார். 1941இல் வந்த ஒரு படத்துக்கு அவர் எழுதிய ஊர் நினைவுப் பாடல், போர்முனையில் இருந்த படையினருக்காக வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பங்கருக்குள் ஒரு நோட்டுப்புத்தகம்

1943 நவம்பரில் நேச நாட்டு விமானங்கள் பேர்லினை எரித்தன. ஓசரின் வீடும் போனது. மனைவியையும் மகனையும் ஏற்கெனவே நாட்டின் தென்பகுதிக்கு அனுப்பியிருந்தார். வீடிழந்த ஓசரும் வீடிழந்த க்னாவ்ஃபும் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் கவுல்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் ஒரே வீட்டில் தங்கினார்கள். அதே வீட்டில் இன்னொரு தம்பதியும் இருந்தார்கள். கணவர் இராணுவத்தில் கப்டன்.

குண்டு விழும் இரவுகளில் எல்லோரும் ஒரே பதுங்குமிடத்துக்குள் இறங்க வேண்டும். பங்கர் வாழ்க்கை எப்படி என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பயத்தில் சிலர் கும்பிடுவார்கள், சிலர் பேசாமல் இருப்பார்கள், சிலர் பகிடி விடுவார்கள். ஓசரும் க்னாவ்ஃபும் மூன்றாவது வகை. போர் தோற்றுப்போகிறது என்றார்கள். தலைவர்களைக் கிண்டலடித்தார்கள். ஓசருக்குக் காது கேட்காது. ஆகவே நண்பர் அவருக்கு உரத்துச் சொல்ல வேண்டும், அவரும் உரத்துத்தான் பதில் சொல்வார்.

கப்டன் வீட்டார் அவற்றை எழுதி வைத்தார்கள். இன்ன நாள், இன்னார், இன்னது சொன்னார் என்று. நம்முடைய நினைவில் காட்டிக்கொடுப்பவன் என்றால் முகத்தை மூடிய தலையாட்டிதான். இவர்கள் முகத்தை மூடவில்லை. மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்து, காலையில் முகமன் சொல்லி, இரவில் குறிப்பெடுத்தார்கள். பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1944 மார்ச் 28ஆம் திகதி இருவரும் கைது செய்யப்பட்டார்கள். படைவலுவைக் குலைக்கும் பேச்சு என்பது குற்றம். வழக்கு மக்கள் நீதிமன்றம் என்று பெயர் வைத்திருந்த மன்றத்துக்குப் போனது. நீதிபதி ரோலண்ட் பிரைஸ்லர். அவர் முன்னால் போனவர்களில் பெரும்பாலானோருக்கு என்ன கிடைத்தது என்று நாட்டுக்கே தெரியும். ஏப்ரல் 6ஆம் திகதி விசாரணை. கைதாகி ஒன்பதே நாட்கள்.

விசாரணைக்கு முந்திய இரவு, சிறை அறையில் ஓசர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கு வயது 41. போவதற்கு முன் பழி முழுவதையும் தன்மேல் ஏற்று எழுதி வைத்தார். க்னாவ்ஃபைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம். மனைவிக்கு எழுதியதில், மகனை ஒரு மனிதனாக்கும்படி கேட்டிருந்தார். கிறிஸ்டியானுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்தத் தியாகம் பலிக்கவில்லை. மறுநாள் பிரைஸ்லர் க்னாவ்ஃபுக்கு மரண தண்டனை விதித்தார். மே 2ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டது. பிறகு க்னாவ்ஃபின் மனைவிக்கு அரசிடமிருந்து ஒரு பில் வந்தது. மரண தண்டனைக்கான கட்டணம் 300 ரைஹ்ஸ்மார்க். சட்டத்தரணிக்கு 81.60. தடுப்புக்காவல் செலவு 44. தண்டனையை நிறைவேற்றிய செலவு 158.18. தபால் செலவு 1.84. இந்தப் பில்லை அனுப்பிய முத்திரைக்கு 0.12. மொத்தம் 585.74 ரைஹ்ஸ்மார்க்.

மூன்று எரிக்குகளில் போரைத் தாண்டியவர் கெஸ்ட்னர் ஒருவர்தான். 1946இல் அந்தப் பில்லைப் பற்றி அவர் எழுதினார். நண்பர்களின் கதை உலகத்துக்குத் தெரியவந்ததில் அந்த எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு நண்பரின் உயிர் என்ன விலை என்று ஓர் அரசு சதக்கணக்கில் கூட்டிப் பார்த்த தாள் அது. ஒரு தாளையாவது யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தான் பின்னால் எதையும் சொல்ல முடியும் என்பதை நாமும் அறிவோம்.

இரண்டு பெட்டிகள்

பிளாவன் நகரமும் 1945இல் குண்டுகளில் பெரும்பாலும் அழிந்தது. இன்று அந்த ஊரில் ஓசரின் பெயரில் காட்சியகம் இருக்கிறது. அவருடைய புனைபெயரில் ஒரு பரிசும் வழங்கப்படுகிறது. ஊரின் பெயருக்குள் ஒளிந்திருந்தவரை ஊர் தன் பெயரோடு வைத்துக்கொண்டது. அந்த ஊரில் 'டாஸ் ரைஹ்' சித்திரங்களை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடவில்லை. ஆய்வாளர்கள் அவற்றையும் எடுத்துக் காட்டி, எழுதி, விவாதிக்கிறார்கள்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நம்மிடம் இறந்தவர்களைப் போட்டு வைக்க இரண்டே இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் தியாகி என்று எழுதியிருக்கிறது. மற்றதில் துரோகி என்று எழுதியிருக்கிறது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எந்தப் பெட்டி என்றுதான் முதலில் கேட்கிறோம். எந்தப் பத்திரிகையில் எழுதினார், யாருடைய வானொலியில் வாசித்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார். பதில் கிடைத்ததும் மூடியை அறைந்துவிடுகிறோம். பிறகு அந்த மனிதரின் மீதி வாழ்க்கையைச் சொல்ல ஆளில்லாமல் போகிறது. அவர் வீட்டாரும் சொல்லமாட்டார்கள், பயம்.

எரிக் ஓசர் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கமாட்டார். அவர் கோயபல்ஸுக்கு வேலை செய்தார். அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அந்தச் சித்திரங்களைப் பார்த்துப் போரை நம்பியவர்கள் இருந்திருப்பார்கள். அவரே, கோயபல்ஸைப் பற்றிச் சொன்ன பகிடிக்காகச் செத்தார். அவரே, நண்பனைக் காப்பாற்ற முழுப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டார். அவரே, பிள்ளையிடம் தோற்றுப்போகும் அப்பாவை உலகத்துக்குக் கொடுத்தார். இந்த நான்கில் ஒன்றை எடுத்துவிட்டுச் சொன்னாலும் அது ஓசர் இல்லை.

கடந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்திருந்தார். நூலகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்த படக்கதைகளை அவருக்குக் காட்டினேன். வரைந்தவரின் கதையை, அந்த நான்கு ஆண்டுகளையும் விடாமல், முழுதாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. வகுப்பெடுத்த வயதான பெண்மணி இதை ஒருநாளும் சொன்னதில்லை என்றார். சொல்லியிருந்தால் அந்தத் தாள்களைத் தன் மகனுக்கு அனுப்பியிருப்பாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அனுப்பியிருப்பேன், வேறு எப்படி அவனோடு கதைப்பது என்றார்.

தம்பி இப்போது கிளிநொச்சியில் இருக்கிறான். அவனுக்கு நான்கு வயதில் ஒரு பெடியன். கடைசிக் கதையின் பிரதியை, அந்த நிலவும் நட்சத்திரமும் இருக்கும் தாளை, சித்தப்பா மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பஸ் எடுத்துக் கிளிநொச்சிக்குப் போனார்.